தாய்மார் சொல்லத் தயங்கும் துன்பம்

எங்கள் பங்கில் ஐம்பத்தைந்து வயதை எட்டிய தாயார் ஒருவர் ஞாயிறு திருப்பலியில் வாயிலருகே, கடைசி வரிசையிலேயே அமர்வார். பிரசங்கத்தின் நடுவே எழுந்து வெளியே செல்வார். பிரசங்கம் நீண்டுவிட்டதோ என்று நான் வருந்தியதுண்டு. ஒருநாள் தம் மகளுடன் பங்கு இல்லத்திற்கு வந்து உண்மையைச் சொன்னார். (பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று, எழுதுவதற்கு இசைவும் தந்துள்ளார்.) மாதவிலக்கு நின்று சில ஆண்டுகளாகவே பெண்ணுறுப்பில் வறட்சி, எரிச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பு, தாம்பத்திய உறவும் வேதனை. மருத்துவர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தாராம். அது ‘ஹார்மோன்’ என்று அறிந்ததும், திருச்சபை விலக்கிய மருந்தென்று அஞ்சி, திறவாமலே அலமாரியில் வைத்துவிட்டார்.

இந்நோயின் காரணம் எளிது. சூலகங்களில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் பெண்ணுறுப்பின் உட்தோல் மெலிந்து வறள்கிறது. சிறுநீர்த் தாரையும் அச்சுரப்பினால் பேணப்படுவதே. மேலும், அமிலத்தன்மையைக் காத்துக் கிருமிகளைத் தடுக்கும் லாக்டோபேசில்லஸ் என்னும் நல்ல நுண்ணுயிர்கள் அங்கே குறைந்துபோகின்றன. மாதவிலக்கு நிற்கும் காலத்து உடற்சூடும் வியர்வையும் பலருக்கு நாளடைவில் தணியும். இதுவோ சிகிச்சையின்றித் தணிவது அரிது.

குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜனை அவ்விடத்திலேயே இடுவதுதான் சிகிச்சை. எஸ்ட்ரியால் களிம்பாயின், பொதுவாக முதல் இரண்டு மூன்று வாரங்கள் நாள்தோறும், பின்பு வாரத்திற்கு 2 முறை இடச் சொல்வர். பயன் தெரியச் சில வாரங்கள் செல்லும். நிறுத்தினால் தொல்லை திரும்பலாம். நம் ஆண்டவர் வளர்ந்த நாசரேத்துக்குத் தெற்கே சிறிது தொலைவிலுள்ள அஃபுலா நகர மருத்துவர் ஒருவரும் அமெரிக்க மருத்துவர் ஒருவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. அடிக்கடி சிறுநீர்த் தொற்றுக்குள்ளான 93 பெண்களில், வெற்றுக் களிம்பு இட்டவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 6 முறை தொற்று வந்தது. எஸ்ட்ரியால் இட்டவர்களுக்கு ஒரு முறைக்கும் குறைவே.

புற்றுநோய் வருமோ என்பது மற்றோர் அச்சம். 2002-இல் வெளியாகிப் பலரைக் கலங்கச் செய்த அமெரிக்க ஆய்வு, வாய்வழி உட்கொண்ட ஹார்மோன் மாத்திரைகளைப் பற்றியது. குறைந்த அளவுக் களிம்பிலிருந்து இரத்தத்தில் கலப்பது மிகச் சிறிதே. எனினும், மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் அந்நோயைக் கவனிக்கும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். மாதவிலக்கு நின்றபின் எவருக்கேனும் உதிரம் கண்டால், தாமதமின்றி மருத்துவரிடம் செல்க.

இனித் திருச்சபையின் போதனை. பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1968-இல் வெளியிட்ட ‘ஹுமானே வீத்தே’ சுற்றுமடலின் 15-ஆம் பத்தி, நோய் தீர்க்கும் மருத்துவத்தை வெளிப்படையாகவே அனுமதிக்கின்றது. கருவுறும் காலத்தைக் கடந்த பெண்ணுக்கோ கருத்தடை என்னும் வினாவே எழுவதில்லை. ஹார்மோன் என்ற சொல்லுக்கு அஞ்சி வேதனையைச் சுமக்க எவரும் கட்டளையிடவில்லை.

கணவன்மாருக்கும் ஒரு சொல். மனைவி விலகுவதை வெறுப்பென்று கொள்ளற்க. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 7-ஆம் அதிகாரத்தைச் சிலர் எனக்கு எடுத்துக்காட்டுகிறார்கள். அங்கே புனித சின்னப்பர் முதலில் சொல்வது கணவனின் கடமையை! மருத்துவமனைக்கு உடன் சென்று வருவதும் அக்கடமையில் அடங்கும்.

அத்தாயார் இரண்டு மாதங்கள் கழித்து வந்தார். இப்போது பூசை முடியும்வரை உட்கார முடிகிறதாம். “ஆனாலும் பிரசங்கம் நீளந்தான், சாமி” என்றார்.