சம்பந்தியம்மா சொன்ன ஒரு வார்த்தை

என் மகளைச் சீனாவில் கொடுத்திருக்கிறோம் என்று சொன்னால், எல்லாரும் முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றித்தான். "பாம்பு, பல்லியெல்லாம் தின்பாங்களாமே?" என்பார்கள். அந்த வீட்டுப் பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. மகளின் பிரசவத்துக்குப் போய் இரண்டு மாதம் தங்கியிருந்ததால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஊர் ஹாங்சோவ். 2023-ல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்ததே, அதே ஊர். பட்டுக்கும் தேயிலைக்கும் பேர் போனது. படிக்கப் போன இடத்தில் மனசுக்குப் பிடித்துப் போய், இரு வீட்டார் சம்மதத்தோடு நடந்த கல்யாணம்.

பிள்ளை பெற்றவளை அங்கே ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே விடுவதில்லை. பச்சைத் தண்ணீர் தொடக்கூடாது, காற்றுப் படக்கூடாது, தலைக்குக் குளிக்கக்கூடாது. நம்ம ஊரில் பால் சுரக்கச் சுறாப்புட்டு கொடுப்போமே, அது மாதிரி அங்கே கெண்டை மீன் சூப். நாட்டுச் சர்க்கரைத் தண்ணீரில் முட்டை வேறு. தலை நாறுதே என்று மகள் அழுதபோது, சம்பந்தியம்மாவே இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் தலை அலசி விட்டார். சமையலும் மார்க்கெட்டும் பெரும்பாலும் சம்பந்தியின் பொறுப்பு. கல்யாணமானாலும் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரை மாற்றிக் கொள்வதில்லை. இதெல்லாம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அந்த வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள். மாப்பிள்ளையின் அப்பாயிக்குத் தொண்ணூறு வயது. அவருடைய அம்மாவுக்குச் சின்ன வயசிலேயே காலைக் கட்டி ஒடுக்கியிருந்தார்களாம். அக்காவை ஏழு வயதில், பிற்காலத்தில் கட்டிக்கப் போறவன் வீட்டில் கொண்டு போய் விட்டுவிட்டார்களாம். 1950-ல் வந்த திருமணச் சட்டம் அந்த வழக்கத்தையும் கட்டாயக் கல்யாணத்தையும் தடை செய்தது. பெண்ணும் விவாகரத்து கேட்கலாம் என்றது. அதனால் அப்பாயியிடம் சம்மதம் கேட்டுத்தான் கல்யாணம் நடந்தது. பட்டு மில்லில் வேலை பார்த்துக் கொண்டே ஐந்து பிள்ளை பெற்றவர்.

சம்பந்தியம்மாவுக்கோ ஒரே பிள்ளை. 1980 முதல் ஒரு குழந்தைக்கு மேல் கூடாது என்று அரசாங்கம் கண்டிப்பாக இருந்த காலம் அது. கிராமங்களில் கொஞ்சம் தளர்வு உண்டு. நகரத்தில், அதுவும் அரசுத் தொழிற்சாலையில் இருப்பவர்கள் மீறினால் வேலையே போய்விடும், அபராதமும் உண்டு. ஐம்பது வயதில் ரிட்டயர் ஆனவர், இப்போது மாமியாருக்குக் கால் கழுவி விடுகிறார், ராத்திரி பேத்தியைத் தூக்கி வைத்துக் கொள்கிறார்.

பிறந்தது பெண் குழந்தை. ஒரு மாதம் முடிந்து, முட்டைக்குச் சிவப்புச் சாயம் பூசி உறவுக்காரர்களுக்குக் கொடுத்த அன்று, "அடுத்தது பையனா பெத்துக்கோ" என்றார் அப்பாயி. உறவுப் பெண்களும் சேர்ந்து கொண்டார்கள். "2016-ல் ரெண்டு பெத்துக்கலாம்னாங்க. 2021-லேர்ந்து மூணே பெத்துக்கலாம். உனக்கென்ன?" மகள் தலையைக் குனிந்து கொண்டாள். குழந்தையைப் பார்த்துக் கொண்டு வேலைக்கும் போக வேண்டும். மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. பெரியவர்களைப் பார்ப்பதும் இவர்கள் தலையில்தான்.

அப்போது சம்பந்தியம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். மகள்தான் எனக்குத் தமிழில் சொன்னாள். "1994-ல் எனக்கு ரெண்டாவது தரிச்சது. வேலை போயிடும்னு கலைக்க வேண்டியதாப் போச்சு. எனக்கு எத்தனைன்னு யாரோ முடிவு பண்ணினாங்க. இவளுக்கு எத்தனைன்னு இவ முடிவு பண்ணட்டும்."

வீடு அமைதியாகி விட்டது. முப்பது வருஷமாக அந்தப் பேச்சையே அவர் எடுத்ததில்லையாம், மாப்பிள்ளைக்கே அன்றுதான் தெரியும். அப்பாயி எதுவும் சொல்லவில்லை. ஒரு முட்டையை உரித்து மருமகள் கையில் கொடுத்தார்.

சகோதரிகளே, அவர்கள் மொழியில் அப்பாவைப் பெற்றவள் 'நைநை'. அம்மாவைப் பெற்ற என்னை 'வைபோ' என்பார்கள். 'வை' என்றால் வெளியே என்று அர்த்தமாம், வெளிப் பாட்டி! கேட்டபோது மனசு சுருக்கென்றது. ஆனால் பெற்றவள் நான் சொல்ல வேண்டியதை, அன்றைக்கு அந்த வீட்டு மாமியாரே சொல்லிவிட்டார்.

வெளிநாடோ உள்ளூரோ, பெண் கொடுக்குமுன் நகை, சம்பளம், வீடு எல்லாம் விசாரிக்கிறோம். மருமகளுக்காக வாய் திறந்து பேசுகிற மாமியார் அந்த வீட்டில் இருக்கிறாளா என்றும் விசாரியுங்கள். நம் வீட்டுக்கு வரும் பெண்ணின் அம்மாவும் நம்மைப் பற்றி அதைத்தானே விசாரிப்பாள்?

- ஒரு வாசகி, திருச்சி.