புண் ஆறுவதற்குச் சாப்பாடும் மருந்தே





சிவகாசி வட்டாரத்தில் 'மருந்து' என்றால் இரண்டு பொருள் உண்டு. எங்கள் மருந்தகத்தில் கொடுப்பது ஒன்று. பட்டாசுக்குள் அடைப்பது இன்னொன்று. இரண்டாவது மருந்தினால் காயப்பட்டு வருகிறவர்களுக்கு முதலாவது மருந்தைக் கொடுப்பதே எங்கள் ஊழியத்தில் பெரும் பகுதி. ஆனால் சாப்பாடு சரியாக இல்லாவிட்டால் எந்த மருந்தும் முழுப் பலன் தராது என்பதை நாங்கள் வார்டிலேதான் கற்றுக்கொண்டோம்.

ஒரு நாள் காலை ஜெபத்துக்காகச் சென்றபோது, கைகளிலும் மார்பிலும் தீப்புண்ணோடு படுத்திருந்த ஓர் இளம் தாயின் கட்டிலுக்கு அடியில் ஒரு தூக்குச்சட்டியைக் கண்டோம். திறந்தால் உள்ளே நான்கு அவித்த முட்டைகள். எங்கள் சமையற்கூடத்திலிருந்து தினமும் இரண்டு முட்டை கொடுத்து வந்தோம். நோயாளியின் தாயார் அவற்றை வாங்கி ஒளித்து வைத்து, யாரும் பார்க்காத நேரத்தில் வெளியே கொட்டிவிடுவாராம். கேட்டதற்கு அழுதுவிட்டார். "ஐயா, முட்டை தின்னா புண்ணுல சீழ் வச்சிரும்னு சொல்றாங்களே. பருப்பும் ஆகாதாம். அதான் ரொட்டியும் கஞ்சியும் மட்டும் குடுக்கேன். நர்சம்மா திட்டுவாங்கன்னு சொல்லலை" என்றார்.

அந்த அம்மாளை நாங்கள் குற்றப்படுத்தவில்லை. மகள் பிழைக்க வேண்டும் என்ற பாசத்தில்தான் அவர் பத்தியம் வைத்தார். ஆனால் அந்தப் பத்தியம் புண்ணை ஆறவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. தோலும் சதையும் புதிதாக வளரப் புரதச் சத்து வேண்டும். பெரிய தீக்காயத்தில் உடம்பு காய்ச்சல் கண்டதுபோல் உள்ளுக்குள் தன்னையே செலவழிக்கிறது; புண்ணிலிருந்து வடியும் நீரோடும் புரதம் போய்விடுகிறது. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்குச் சாதாரணமாக நாளொன்றுக்கு ஏறக்குறைய 40 கிராம் புரதம் போதும். பெரிய தீக்காயம் பட்டவருக்கோ அதைப்போல் இரண்டு மடங்கு தேவை. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் இருக்கிறது. நீர்த்த அரிசிக் கஞ்சியில் இருப்பது மிகச் சொற்பம். சீழ் பிடிப்பது கிருமியினால்; அது அழுக்குத் துணியிலும் கழுவாத கையிலும் வருமே தவிர, முட்டையிலும் பருப்பிலும் வருவதில்லை.

இவ்வளவையும் மருத்துவர் சொல்லியும் அவருக்கு மனம் வரவில்லை. யவீருவின் மகளை உயிரோடு எழுப்பின ஆண்டவர், அடுத்தபடியாக அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி சொன்னதை நாங்கள் எடுத்துச் சொன்னோம். அதற்கும் தலையை மட்டும் ஆட்டினார். கடைசியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பாட்டியம்மாள் தன் பேரனின் ஆறிய முதுகைத் திருப்பிக் காட்டி, "இவன் தின்ன முட்டைக்குக் கணக்கே இல்ல, தாயி" என்றார். அன்று மத்தியானமே முட்டை மகளின் வாய்க்குப் போயிற்று. ஒட்டு வைத்த தோல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை, அதற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் காயப்படுவதற்கு முன் என்ன சாப்பிட்டு வந்தார் என்று விசாரித்தபோது, இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் கேட்கிற கதைதான். விடிந்ததும் கம்பெனி வண்டி வந்துவிடும்; காலையில் வெறும் டீ. பதினொரு மணிக்கு ஒரு வடை, மறுபடியும் டீ. மத்தியானம் சோறும் ஊறுகாயும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவும் முட்டையும் கிடைக்கின்றன. விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்து விரிவுபடுத்திய மதிய உணவும், 1982-ல் வந்த சத்துணவுத் திட்டமும், 2022-ல் தொடங்கிய காலை உணவும் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றி வருகின்றன. தாயின் தட்டை யார் பார்க்கிறார்கள்? 2019–21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இரத்தம் குறைந்தவருக்குக் காயமும் மெதுவாகவே ஆறும்.

இதற்கு விலையுயர்ந்த டானிக் தேவையில்லை. நம் கரிசல் மண்ணில் விளைகிற கம்பில், தீட்டிய அரிசியைப்போல் பல மடங்கு இரும்புச் சத்து உண்டு. முந்தின இரவே காய்ச்சி, புளிக்க வைத்த கம்பங்கூழில் அந்தச் சத்து உடம்பில் சேர்வது இன்னும் எளிது. பச்சைப்பயறு, தட்டாம்பயறு முளைகட்டினாலும் அப்படியே. சோற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. மூன்று வேளையில் ஒரு வேளையை மாற்றினால் போதும். (சர்க்கரை வியாதிக்காரர் கூழையும் அளவோடுதான் குடிக்க வேண்டும்.) முருங்கைக்கீரை கொல்லையிலேயே நிற்கிறது. கூடவே ஒரு நெல்லிக்காயோ, கொய்யாவோ, எலுமிச்சம்பழச் சாறோ இருந்தால் கீரையிலுள்ள இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அது சேராது. டீயை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள் என்றால் மட்டும் எங்கள் ஜனங்களுக்குக் கோபம் வந்துவிடுகிறது! கீரையை நம்பி, மருத்துவர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு: வெல்லம் தின்றால் நெஞ்சிலுள்ள மருந்துத் தூசி இறங்கிவிடும் என்பார்கள். வெல்லம் போவது வயிற்றுக்கு. தூசி போவது நுரையீரலுக்கு. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வதற்கு வெல்லம் ஈடாகாது. அதைவிட முக்கியம், அலுமினியப் பவுடரும் கந்தகமும் ஒட்டின கையோடு சோற்றைப் பிசையாமல் இருப்பது. நகக்கண் வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சாப்பாட்டுத் தூக்கை வேலை அறைக்குள் கொண்டுபோகவே கூடாது.

பிரியமானவர்களே, கடந்த நாட்களில் நீங்கள் அனுப்பின காணிக்கையில் ஒரு பகுதி வார்டிலுள்ளவர்களுக்கு முட்டையும் பாலும் பயறுமாக மாறியது. உங்களுக்கு எங்கள் ஸ்தோத்திரம். ஒரு விண்ணப்பமும் உண்டு. அறுப்பின் பண்டிகை முடிந்து சபையார் நோயாளிகளைப் பார்க்க வரும்போது, அன்போடு பிஸ்கட்டும், ரஸ்க்கும், சாத்தூர்ச் சேவும் கொண்டுவருகிறீர்கள். சேவு எங்களுக்கும் பிடிக்கும் என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் தீப்புண் ஆற வேண்டியவருக்கு அதனால் பயன் குறைவு. நம் தாய்மார் சமைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசி எடுத்து வைத்துக் காணிக்கையாகப் படைக்கும் வழக்கம் பல சபைகளில் உண்டு அல்லவா? மாதத்தில் ஒரு வாரம் அந்தக் கைப்பிடியைப் பச்சைப்பயறாகவோ, துவரம்பருப்பாகவோ, நிலக்கடலையாகவோ எடுத்து வையுங்கள். சங்கத்துச் சகோதரிகள் சேர்த்து அனுப்பினால், எங்கள் சமையற்கூடத்தில் பெற்றுக்கொண்டு சபையின் பெயருக்கே ரசீது தருவோம்.