எழுத்தாளர் தம் நெறி காணுதல்

எழுத்தாளர் என்போர் யாவர் என்னும் வினாவிற்கு விடை கூறுதல் எளிதுபோலத் தோன்றும். எழுதுபவர் எழுத்தாளர் என்று கூறி அமையலாம். ஆயினும், கதையோ கட்டுரையோ எழுதிப் பழகும் இளைஞர் ஒருவரை 'நீர் எழுத்தாளரோ?' என வினவின், அவர் தயங்குவர். 'பாடசாலையிற் படிப்பிக்கின்றேன், ஓய்வு நேரத்திற் சிறிது எழுதுவதுண்டு' என்றே பெரும்பாலும் விடை வரும்.

இத்தயக்கத்திற்கு அடிப்படையாயுள்ள எண்ணங்கள் இரண்டு. எழுத்தையே சீவனோபாயமாகக் கொண்டவரே எழுத்தாளர் என்பது ஒன்று. புகழ்பெற்றார் ஒருவரது நடையையும் முறையையும் பின்பற்றினாலன்றி எழுத்துக் கைகூடாது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பொருந்தாமையை, மட்டக்களப்புப் பகுதியிலே தோன்றிய விபுலாநந்த அடிகளாரின் வாழ்வு தெளிவாகக் காட்டும்.

1892 ஆம் ஆண்டிலே காரைதீவிற் பிறந்த அடிகளாரின் பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன் என்பது. அவர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி; இரசாயனம் கற்பித்த ஆசிரியர்; மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர். அதே வேளையில், 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும் தேறியவர். 1922 இல் இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்து, 1924 இல் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆயினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கினார். இவற்றிடையே பத்திரிகைகளை நடத்தினார். கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். எழுத்தை மட்டுமே நம்பி அவர் வாழ்ந்த காலம் ஒன்றில்லை. ஆயினும், அவரை எழுத்தாளர் அல்லர் என்று கூறத் துணிவார் எவருமிலர்.

பல தொழில்களிடையே சிதறிப்போகாது தமக்கென ஒரு நெறியை அவர் கண்டது எவ்வாறு? ஒரு துறையிற் கற்றதை மறு துறையிலே பயன்படுத்தியமையே அதற்கு விடையாகும். 1926 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தினர் வெளியிட்ட 'மதங்க சூளாமணி' என்னும் நாடக இலக்கண நூலை நோக்குக. தமிழ் நூல்களிலே காணப்படும் கூத்திலக்கணம், வடமொழித் தசரூபகம், ஆங்கில நாடகப் பேராசிரியரான சேக்சுபியரின் நாடகங்கள் ஆகிய மூன்றும் அந்நூலில் ஒருங்கே இடம்பெற்றுள்ளன. சேக்சுபியரின் பெயரைச் 'செகசிற்பியார்' எனத் தமிழாக்கியதிலும் அவரது தனித்தன்மை விளங்கும். பண்டிதர் மரபு மட்டும், அல்லது ஆங்கிலக் கல்வி மட்டும் உடைய ஒருவர் அந்நூலை அவ்வாறு எழுதியிருத்தல் இயலாது.

இந்நெறி முதிர்ந்து பயன்தந்த இடம் 'யாழ்நூல்' ஆகும். பண்டைத் தமிழர் இசைத்த யாழ் வழக்கொழிந்து போயிற்று. எஞ்சியிருந்தவை சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும், அடியார்க்குநல்லார் முதலியோர் உரைகளும், பிற நூற்குறிப்புகளுமேயாம். அவற்றைப் புகழ்ந்துரைத்து அமைவது எளிது. அடிகளாரோ அவற்றைக் கணக்காக நோக்கினார். ஒரு நரம்பு முழுநீளத்திலே குரல் என்னும் இசையை எழுப்புமாயின், அதன் மூன்றில் இரண்டு பங்கு இளியையும், பாதி நீளம் மேற்றானத்துக் குரலையும் எழுப்பும். இத்தகைய பௌதிக விதிகளைத் துணைக்கொண்டு, உரையாசிரியர் கூறிய அலகுகளையும் பாலைகளையும் அவர் ஆராய்ந்தார். இரசாயன கூடத்திலே அளந்தும் நிறுத்தும் பழகிய மனமே இங்குப் புலவரின் ஏட்டைக் கையிலெடுத்தது எனலாம்.

அடிகளாரின் பொருளும் தொலைவிலிருந்து தேடிக் கொணரப்பட்டதன்று. காரைதீவு கண்ணகியம்மன் கோயிலாற் சிறப்புற்ற ஊர். மட்டக்களப்புப் பகுதியிலே வைகாசித் திங்களிற் கண்ணகி வழக்குரை பாடுதல் நெடுநாள் மரபு. பிறந்த மண்ணிற் செவிவழிப் பயின்ற கண்ணகி கதையைக் கூறும் காப்பியமே அவரது ஆராய்ச்சிக்குத் திறவுகோலும் ஆயிற்று. நிலாக் காலத்திலே மட்டக்களப்பு வாவியில் எழும் இன்னொலியையும் அவர் விட்டுவைத்தாரல்லர். மீன் பாடுகின்றது என ஊரார் வியக்கும் அவ்வொலியை நீரரமகளிரின் இசையாகக் கற்பித்து அவர் பாடிய செய்யுளும் உண்டு.

இவ்வாறு தம் நெறியிற் செல்வதற்குக் கொடுக்கவேண்டிய விலையும் சிறிதன்று. யாழ்நூலின் பின்னே பதினான்கு ஆண்டு ஆராய்ச்சி நின்றது. அக்காலத்திற் பெரும்பகுதி பிற பணிகளுக்கும் உரியதாயிருந்தது. இறுதியாண்டுகளில் உடல்நலமும் குன்றியிருந்தது. 1947 ஆம் ஆண்டு யூன் 5, 6 ஆம் நாள்களிலே சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அந்நூல் அரங்கேறியது. யூலை 19 ஆம் நாள் அடிகளார் மறைந்தார். நூல் முற்றுப்பெறுதற்கும் வாழ்வு முற்றுப்பெறுதற்கும் இடையே இருந்தவை ஏறக்குறைய ஆறு கிழமைகளே.

அவருடைய முடிபுகள் அனைத்தையும் பின்வந்த இசையாராய்ச்சியாளர் ஏற்றுக்கொண்டாரல்லர். அதனால் நூலின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. தாம் கொண்ட சான்றுகளையும் கணக்குகளையும் மறையாது வைத்தமையாலேயே பிறர் அவற்றை எடுத்து ஆராயவும் மறுக்கவும் கூடியதாயிற்று. பிறர் சோதித்துப் பார்க்கத்தக்கதாக எழுதுதலும் ஓர் எழுத்து நெறியே.

எழுதப் புகுவோர் இதிலிருந்து கொள்ளத்தக்கது யாது? அடிகளாரைப் போல எழுதுதல் அன்று. அங்ஙனம் எழுத முயலின் பழைய பிழையே மீண்டும் நேரும். வாவியிலே வலைவீசுபவர் நீரோட்டத்தை அறிவார். வயற்காரர் மாரிக்கும் கோடைக்கும் வேறுவேறு சொற்களை அறிவார். ஆசிரியர் பிள்ளைகளின் கேள்விகளை அறிவார். நாள்தோறும் செய்யும் தொழில் எழுத்திற்கு இடையூறு எனப் பலர் கருதுகின்றனர். நேரத்தை அது குறைப்பது உண்மையே. ஆயினும், பிறர் காணாத பொருளையும் அப்பொருளை நோக்கும் முறையையும் தருவது பெரும்பாலும் அத்தொழிலே. ஆதலின், தாம் நன்கறிந்த ஒன்றை எடுத்து, அதனைத் தமக்கியன்ற முறையிற் கூறி, கூறியதைச் சரிபார்த்து, கிடைத்த சிறு பொழுதிலும் இடைவிடாது எழுதிவருதலே தக்கது. எழுத்தாளர் என்னும் பெயரைத் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ள அஞ்சுவோரும், எழுதுவதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.