கொக்கை எண்ணினா மீன் கிடைக்குமா? பழவேற்காடு ஏரியில் ஜனவரி தோறும் நடக்கும் பறவை கணக்கெடுப்பு

பொன்னேரி,

பழவேற்காடு ஏரிக்கரையில் ஜனவரி மாதம் வந்தால் ஒரு கூட்டம் விடியற்காலையிலேயே வந்து நிற்கும். கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு, பேனா. மீன் வாங்கவும் மாட்டார்கள், படகு கேட்கவும் மாட்டார்கள். தண்ணீரில் நிற்கும் பறவைகளை எண்ணிவிட்டு போய்விடுவார்கள்.

"கொக்கை எண்ணி என்னத்த ஆகப்போகுது? எண்ணினா வலையில மீன் விழுமா?" என்று மீனவ கிராமங்களில் கேட்பது உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கான விவரம் வருமாறு:-

2-வது பெரிய ஏரி

ஒடிசாவில் உள்ள சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் 2-வது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு முனை மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் தீவுதான் ராக்கெட் ஏவப்படும் ஸ்ரீஹரிகோட்டா.

ஏரியின் சராசரி ஆழம் சுமார் 1 மீட்டர்தான். பல இடங்களில் ஆள் நடந்தே போகலாம். பூநாரை, கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, உள்ளான், ஆலா, ஊசிவால் வாத்து என்று வகை வகையான பறவைகள் இங்கே கூடுவதற்கு இந்த ஆழமின்மைதான் முக்கிய காரணம்.

ஏரியின் தமிழக பகுதி 1980-ம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பளவு 153.67 சதுர கிலோ மீட்டர். ஆந்திர பகுதி அதற்கு முன்பே 1976-ல் சரணாலயம் ஆகிவிட்டது.

எண்ண வருவது யார்?

வருகிறவர்கள் எல்லோரும் அரசு அதிகாரிகள் இல்லை. வங்கி ஊழியர், ஆசிரியர், கல்லூரி மாணவர், ஓய்வு பெற்றவர் என்று பல தரப்பினரும் இருப்பார்கள். சொந்த செலவில் வருகிறவர்களே அதிகம்.

இவர்களில் பலர் சென்னையில் 1978-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் இயற்கை ஆர்வலர்கள் சங்கத்தை சேர்ந்தவர்கள். பறவை, பூச்சி, பாம்பு, செடி கொடி என்று எதை பார்த்தாலும் தேதி போட்டு எழுதி வைப்பது இவர்கள் வழக்கம். 'பிளாக்பக்' என்ற பெயரில் சங்கத்துக்கு சொந்தமாக இதழும் உண்டு. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் போலவே பழவேற்காடும் இவர்கள் அடிக்கடி போய் வரும் இடம்.

இதுபோன்ற சங்கங்களுக்கு நம் நாட்டில் மூத்தது பம்பாய் இயற்கை வரலாற்று சங்கம். 1883-ல் 8 பேர் கூடி ஆரம்பித்தது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி இந்த சங்கத்தின் வழியாகத்தான் உலகுக்கு தெரிந்தார்.

ஜனவரி மாதம் ஏன்?

ஆசிய நீர்ப்பறவை கணக்கெடுப்பு என்பது 1987-ல் இந்திய துணைக்கண்டத்தில் தொடங்கியது. ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி நடுவில் ஆசியாவின் பல நாடுகளில் ஒரே காலகட்டத்தில் இது நடக்கிறது. வலசை பறவைகள் அந்த நேரத்தில் அதிகம் இடம் மாறாமல் ஓரிடத்தில் தங்கி இருக்கும். அதனால் ஒரே பறவையை 2 ஊரில் எண்ணிவிடும் வாய்ப்பு குறைவு.

இது தவிர, 2015 முதல் பொங்கலையொட்டி 4 நாட்கள் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' தமிழகம் முழுவதும் நடக்கிறது. இதில் வீட்டு மாடியில் நின்றும் எண்ணலாம். வனத்துறையும் நீர்ப்பறவை கணக்கெடுப்பை தனியாக நடத்துகிறது. அதிலும் இந்த ஆர்வலர்களின் உதவி உண்டு.

ஆயிரக்கணக்கில் நிற்பதை எப்படி எண்ணுவது?

ஒன்று, இரண்டு என்று எண்ணினால் விடிய விடிய எண்ண வேண்டியதுதான். அதற்கு ஒரு வழி இருக்கிறது.

முதலில் 10 பறவைகளை சரியாக எண்ணி, அந்த கூட்டம் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று கண்ணில் பதித்துக் கொள்கிறார்கள். பிறகு அதே அளவை வைத்து 10, 20, 30 என்று நகர்கிறார்கள். பெரிய கூட்டமாக இருந்தால் 100, 200 என்று போகும். 2 பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டு பார்ப்பதும் உண்டு.

பறவை எண்ணிக்கையோடு வேலை முடியவில்லை. தண்ணீர் எவ்வளவு இருந்தது, முகத்துவாரம் திறந்திருந்ததா, குப்பை கொட்டி இருந்ததா என்பதையும் குறித்துக் கொள்கிறார்கள். பிற்காலத்தில் அதிகம் பயன்படுவது இந்த குறிப்புகள்தான்.

பூநாரைக்கு பிடித்த சேறு

பழவேற்காட்டின் நட்சத்திரம் பூநாரை. ஐந்தடி உயரம், குச்சி போன்ற கால், வளைந்த அலகு. தலையை தலைகீழாக தண்ணீரில் விட்டு, நாக்கால் நீரை உறிஞ்சி வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற அமைப்பில் பாசி, சிறு இறால் இனங்கள், பூச்சி எல்லாம் தங்கிவிடும். அந்த உணவில் உள்ள நிறமிதான் இறகுக்கு இளஞ்சிவப்பு நிறம் கொடுக்கிறது. குஞ்சுகள் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும்.

குஜராத்தின் கட்ச் பாலைவன சதுப்பு நிலத்தில் பூநாரைகள் லட்சக்கணக்கில் முட்டையிடும் இடம் இருக்கிறது. 1945-ல் சாலிம் அலி அங்கே நேரில் போய், சுமார் 5 லட்சம் பூநாரைகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டார். அவர் அன்று எழுதி வைத்ததால்தான் இன்று ஒப்பிட்டு பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது.

தண்ணீர் ஆழமாகிவிட்டால் பூநாரை நிற்க முடியாது. முழுசாக வற்றினாலும் இரை கிடைக்காது. ஆகவே பூநாரை எந்த பக்கம் நிற்கிறது என்பதை பார்த்தாலே ஏரியின் நிலை ஓரளவு தெரிந்துவிடும்.

முகத்துவாரம் அடைத்தால் ரெண்டு பேருக்கும் பட்டினி

இங்கேதான் மீனவரும் பறவையும் ஒரே படகில் வருகிறார்கள்.

இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்கு போகும். மடவை போன்ற மீன்களுக்கும் இந்த போக்குவரத்து வேண்டும். வடகிழக்கு பருவமழையில் ஆரணி ஆற்று வெள்ளம் முகத்துவாரத்தை தள்ளி திறந்துவிடும். மழை நின்றதும் கடல் அலை மணலை கொண்டு வந்து கொஞ்சம் கொஞ்சமாக மூடிவிடும்.

மூடிவிட்டால் புதிய கடல் நீர் வராது. வெயிலில் தண்ணீர் வற்றி உப்பு ஏறும். இறால் குஞ்சு உள்ளே வர வழியில்லை. மீனவர் வலை காலியாக வரும். சேற்றில் புழு, நத்தை குறையும்போது உள்ளான் கூட்டமும் குறையும்.

முகத்துவாரத்தை நிரந்தரமாக திறந்து வைக்க வேண்டும் என்பது இங்குள்ள மீனவ கிராமங்களின் நீண்ட நாள் கோரிக்கை. அலை தடுப்பு கற்சுவர் அமைக்கும் திட்டத்தை தமிழக அரசு கையில் எடுத்ததும் அதனால்தான்.

சிலிகாவில் நடந்தது

இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. சிலிகா ஏரியிலும் இதே பிரச்சினை வந்தது. மணல் அடைத்து, மீன் குறைந்து, களை மண்டியது. 1993-ல் ஆபத்தில் உள்ள ஈரநிலங்கள் பட்டியலில் சிலிகா சேர்க்கப்பட்டது. 2000-ம் ஆண்டு செப்டம்பரில் கடலுக்கு புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. மீன் வரத்து மீண்டும் கூடியது. 2002-ல் அந்த ஆபத்து பட்டியலில் இருந்து சிலிகா நீக்கப்பட்டது.

2024 ஜனவரி கணக்கெடுப்பில் அங்கே 11 லட்சத்துக்கும் அதிகமான பறவைகள் எண்ணப்பட்டன. வெட்டியது பலன் தந்ததா இல்லையா என்று சொல்ல வருடா வருடம் எடுத்த கணக்கு கையில் இருந்தது.

20 ஆயிரம் என்ற எண்

சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கு ராம்சார் அந்தஸ்து தரப்படுகிறது. அதற்கான விதிகளில் ஒன்று, அந்த இடத்தில் வழக்கமாக 20 ஆயிரம் நீர்ப்பறவைகள் கூட வேண்டும் என்பது. இன்னொன்று, ஏதாவது ஒரு பறவை இனத்தின் மொத்த எண்ணிக்கையில் 1 சதவீதமாவது அங்கே இருக்க வேண்டும் என்பது. ஒரு வருடம் எண்ணினால் போதாது. தொடர்ந்து பல வருட கணக்கு வேண்டும்.

2025 பிப்ரவரியில் தமிழகத்தின் ராம்சார் இடங்கள் 20 ஆக உயர்ந்தன. அந்த 20-ல் பழவேற்காடு இல்லை.

மீனவர்கள் பயம்

"சரணாலயம், ராம்சார்னு சொல்லிட்டு நாளைக்கு வலை போடாதேன்னு சொல்லிட்டா நாங்க எங்க போறது?" என்ற பயம் கிராமங்களில் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட முடியாது. யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடுவது என்று 'பாடு' முறைப்படி முறை வைத்து பிரித்துக் கொண்டு வாழ்கிற ஊர்கள் இவை. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் இன பெண்களும் இந்த ஏரியை நம்பித்தான் இருக்கிறார்கள்.

1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி, சரணாலய எல்லைக்குள் உள்ள மக்களின் உரிமைகளை கலெக்டர் விசாரிக்க வேண்டும். அந்த உரிமை தொடர அவர் அனுமதிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. சிலிகா 1981 முதல் ராம்சார் இடம். அங்கே இன்றும் மீன்பிடி நடக்கிறது.

அதேபோல் காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்க திட்டத்துக்கு பழவேற்காடு பகுதி மீனவர்கள் எதிர்ப்பு தெரிவித்ததும், 2021 ஜனவரியில் நடக்க இருந்த கருத்து கேட்பு கூட்டம் தள்ளி வைக்கப்பட்டதும் தெரிந்ததே. இப்படி எந்த திட்டம் வந்தாலும் "இங்க முன்னாடி என்ன இருந்தது?" என்ற கேள்வி வரும். மீனவர்கள் வாயால் சொல்வதோடு, தேதி போட்ட கணக்கும் இருந்தால் பேச்சுக்கு பலம் கூடும்.

வளையம் போட்ட பறவை கிடைத்தால்

சில பறவைகளின் காலில் சிறிய உலோக வளையம் இருக்கும். பம்பாய் சங்கம் கோடியக்கரை உள்ளிட்ட இடங்களில் பல ஆண்டுகளாக மாட்டி வரும் வளையம் இது. அப்படி ஒரு பறவை வலையில் சிக்கினால் வளையத்தில் உள்ள எண்ணை எழுதிக்கொண்டு, பறவையை விட்டுவிட்டு, வனத்துறைக்கு சொன்னால் போதும். எங்கிருந்து பறந்து வந்தது என்பது தெரிந்துவிடும்.

பார்க்க போறவங்க கவனத்துக்கு

நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல சீசன். அண்ணாமலைச்சேரி கரையிலும், சூலூர்பேட்டையில் இருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையிலும் பூநாரைகளை பார்க்க முடியும். காலை வேளை நல்லது.

படகு சவாரி ஆசை வேண்டாம். 2011 டிசம்பர் 25-ந்தேதி இங்கே சுற்றுலா படகு கவிழ்ந்து 22 பேர் பலியானார்கள். அதன்பிறகு சுற்றுலா படகுகளுக்கு தடை விதிக்கப்பட்டது. கரையில் நின்று பார்ப்பதே பாதுகாப்பு. போட்டோவுக்காக பறவையை விரட்டி பறக்க விடுவதும் கூடாது. அது இரை தின்னும் நேரம் வீணாகும்.

எண்ணுவதற்கு பட்டம் தேவையில்லை. எந்த மாதம் எந்த பறவை வரும் என்று ஏரியில் தினமும் இறங்குகிற மீனவருக்கு தெரிந்த அளவு மற்றவர்களுக்கு தெரியாது. கரையோர பள்ளி பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாக அடுத்த ஜனவரியில் சேர்ந்து கொண்டால், ஏரியின் கணக்கு ஊர்க்காரர்கள் கையிலேயே இருக்கும்.