மறதி நோய் ஆய்வுக்கு ஆட்கள் எங்கே?

அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவது எல்லோருக்கும் நேர்வதே. ஆனால் முப்பது ஆண்டுகள் சமைத்தவருக்கு ரசம் வைக்கும் முறையே மறந்துபோனால், அதை மூப்பின் இயல்பு என்று விட்டுவிடலாகாது. அது மறதி நோயாக இருக்கக்கூடும். மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். 1906ஆம் ஆண்டில் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை முதன்முதலாக விவரித்தார்.

இந்நோயில் அமிலாய்டு, டௌ என்னும் இரு புரதங்கள் மூளையில் படிகின்றன. அறிகுறி தென்படுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே இப்படிவு தொடங்கிவிடுகிறது. ஆகவே நோயைத் தடுக்க வழி காண வேண்டுமாயின், இன்று நலமாக இருப்பவர்களையும் ஆராய வேண்டும். நலமாக இருப்பவர் மருத்துவமனைக்கு வருவாரா? வரமாட்டார். அவரை எங்கே தேடுவது?

பதிவேடு எதற்கு?

இதற்கு ஒரு வழிதான் இணையவழிப் பதிவேடு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ வளாகம் 2014இல் மூளை நலப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது. விரும்புவோர் வீட்டிலிருந்தபடியே தம் வயது, நோய்கள், குடும்ப வரலாறு ஆகியவற்றைப் பதிந்து, நினைவாற்றல் சோதனைகளையும் செய்யலாம். ஓர் ஆய்வுக்கு ஆட்கள் தேவைப்படும்போது, பொருத்தமானவர்களுக்கு அழைப்புச் செல்லும்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். லெக்கனமாப் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் கிடைத்தது. அதன் இறுதிக்கட்ட ஆய்வுக்காக 5,967 பேரைச் சோதித்துப் பார்த்து, 1,795 பேரையே சேர்த்துக்கொள்ள முடிந்தது. பொருத்தமானவர்கள் முன்பே தெரிந்திருந்தால் காலமும் பணமும் மிச்சமாகும் அல்லவா?

மேலடுக்குத் தக்காளி

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி வாங்குபவர் கூடையின் மேலடுக்கை மட்டும் பார்த்து விலை பேசுவாரா? கையை உள்ளே விட்டு அடியில் இருப்பதையும் எடுத்துப் பார்ப்பார். தாமாக வந்து பதிவோர் மேலடுக்குத் தக்காளி போன்றவர்கள். மேற்சொன்ன அமெரிக்கப் பதிவேட்டில் இருப்போரில் பெரும்பாலோர் வெள்ளையர், பெண்கள், நன்கு படித்தவர்கள்.

நம் நாட்டில் வேறு முறையும் கையாளப்பட்டது. நாடு தழுவிய முதுமை ஆய்வு ஒன்றில், வீடுகளைக் குலுக்கல் போன்ற முறையில் தேர்ந்தெடுத்தார்கள். அவ்வாறு தேர்ந்தவர்களில், அறுபது வயதைக் கடந்த 4,096 பேரின் நினைவாற்றலை விரிவாகச் சோதித்தார்கள். 2023இல் வெளியான முடிவின்படி, இந்திய முதியோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 இலட்சம் பேருக்கு, மறதி நோய் உள்ளது. இது ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும், படித்தவரைவிடப் படிக்காதவரிடமும் மிகுதி. இணையத்தில் பதிய வாய்ப்புக் குறைந்த கிராமத்து மூதாட்டியரிடமே நோய் மிகுந்திருக்கிறது! பதிவேட்டை மட்டும் நம்பினால் அவர்கள் விடுபட்டுப் போவார்கள். அவர்கள் உடலுக்கு ஒரு மருந்து எப்படி வேலை செய்யும் என்பதும் தெரியாமலே போகும்.

இக்குறையைப் போக்க, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உள்ள மூளை ஆய்வு மையம் கிராமத்தையே நாடிச் சென்றுள்ளது. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், சீனிவாசபுரம் வட்டத்தில், 45 வயதைக் கடந்த 10,000 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிப்பது அதன் திட்டம்.

சோதனையும் ஆளுக்குத் தக்கதாக இருக்கவேண்டும். பேனாவே பிடித்திராத வேடசந்தூர்ப் பக்கத்து உழவரிடம் கடிகாரம் வரையச் சொன்னால், அவர் தடுமாறுவது மறதியாலா, பழக்கமின்மையாலா? அரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் 1990களில் ஆய்வு செய்தவர்கள், எழுத்தறியாதோருக்கு ஏற்றபடி வினாக்களை மாற்றி அமைத்தே சோதித்தார்கள். நத்தத்திலும் நிலக்கோட்டையிலும் ஆய்வு நடத்த வருவோர் செய்யவேண்டியதும் அதுவே.

பெயர் கொடுக்கும் முன்

பதிவேட்டில் பெயர் தருவது மருந்தை ஏற்க ஒப்புக்கொள்வதாகாது. ஒவ்வொரு ஆய்வுக்கும் தனியே ஒப்புதல் பெறவேண்டும். எப்போது வேண்டுமானாலும் காரணம் கூறாமல் விலகிக்கொள்ளலாம். மருந்துச் சோதனை எனில், அது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 2007இல் தொடங்கிய இப்பதிவகத்தில் சோதனைகளைப் பதிவது 2009 முதல் கட்டாயம். அதை யாரும் கட்டணமின்றி இணையத்தில் பார்க்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு அது எட்டாது. படித்த நீங்கள் தேடிப் பார்த்து, அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். சேர்வதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.