போன் யார் கையில்?

காதல் கல்யாணத்தில் அன்பு சீக்கிரம் வற்றும், பெரியவர்கள் பார்த்து முடித்ததில் போகப்போக ஊறும் என்று பட்டிமன்றத்தில் யாராவது அடித்துச் சொன்னால், அந்தப் பேச்சின் வேர் ஜெய்ப்பூர் வரை போகும். 1982இல் உஷா குப்தாவும் புஷ்பா சிங்கும் வெளியிட்ட ஜெய்ப்பூர் ஆய்வுதான் அப்படிச் சொன்னது. கலந்துகொண்டவை 50 ஜோடிகள். அவர்களைக் காதல், ஏற்பாடு என்று பிரித்து, மணமாகி எத்தனை வருஷம் என்று மறுபடியும் பிரித்தால் ஒரு கூறுக்கு எத்தனை ஜோடி தேறும்? 2012இல் அமெரிக்கவாழ் இந்தியர் 58 பேரை வைத்துச் செய்த ஆய்வில் இரு தரப்புக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அதுவும் சின்னக் கூட்டம்தான்.

புள்ளியியல் இதில் கறார். வித்தியாசம் நடுத்தரமாக இருந்தால், அதை ஐந்தில் நான்கு தடவையாவது பிடிக்கத் தரப்புக்கு 64 பேர் வேண்டும். மெல்லியதாக இருந்தால் 390க்கு மேல். கணவன், மனைவி இருவரையும் கேட்டால் அவர்களைத் தொடர்பில்லாத இரண்டு ஆட்களாக எண்ணவும் கூடாது. இத்தனை பேருக்கு எங்கே போவது? ஆய்வாளர்கள் கூகுள் ஃபார்மைத் தட்டி வாட்ஸ்அப் குரூப்புகளில் விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். கேரளத்தில் மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்ட லயங்களுக்கும் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கும் அந்த ஃபார்ம் போகுமா? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கேரளத்திலேயே இணையத்தை எப்போதாவது தொட்ட பெண்கள் நூற்றுக்குச் சுமார் 61 பேர்தான். கொழுந்து கிள்ளிவிட்டு வரும் அக்காவின் வீட்டில் போன் இருக்கலாம். ராத்திரி அது பிள்ளையின் பாடத்துக்கோ வீட்டுக்காரரின் வீடியோவுக்கோ போய்விடும். ‘கணவர் உங்கள் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்கிறாரா?’ என்ற கேள்விக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க என்ன பதில் வரும்? அதுவும் ஃபார்ம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், படித்துச் சொல்பவரே பதிலையும் போட்டுவிடுவார்.

முகம் தெரியாத ஃபார்மில்தான் மனசு திறக்கும் என்பாரும் உண்டு. தனி அறையும் தனி போனும் உள்ளவர்களுக்குச் சரி.

ஆள் கூடினால் கோணல் நிமிராது. 1936 அமெரிக்கத் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று கேட்ட ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகைக்கு இருபது லட்சத்துக்கும் மேல் பதில் அட்டைகள் வந்தன. ரூஸ்வெல்ட் தோற்பார் என்ற அதன் கணிப்பு கவிழ்ந்தது, அவரே ஜெயித்தார். அட்டை அனுப்பப் பிடித்த முகவரிகளில் பெரும்பகுதி டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களுடையது.

கேள்வியிலேயே இன்னொரு சிக்கல். மாமன் மகனைச் சின்ன வயசிலிருந்தே விரும்பி, பெரியவர்கள் பேசி முடிக்க, போடியிலிருந்து மலையேறி வாழ வந்தவள் காதலில் டிக் அடிப்பாளா, ஏற்பாட்டிலா?

கேரளத்தின் இந்தத் தமிழ் எல்லைப் பகுதிக்கு ஆன்லைனில் ஆயிரம் பேரைவிட, தமிழ் பேசும் உள்ளூர்ப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை லயம் லயமாகப் போய் மனைவியைத் தனியே, கணவனைத் தனியே கேட்டு வரும் 130 ஜோடிகள் போதும் என்பேன். அதற்கு ஜீப் வாடகையும் கேட்கப் போகிறவர்களின் சம்பளமும் ஆய்வு பட்ஜெட்டில் முதல் நாளே ஏற வேண்டும். மெல்லிய வித்தியாசத்தை அந்த 130 பிடிக்காது. அதையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடலாம்.