மாட்டுக்கு ஊசி போட்ட இடம் ஏன் வீங்குகிறது?

ஜொகூர் தோட்டப்புறங்களில் மாடு வளர்க்கும் நாம், கோமாரித் தடுப்பூசி போட்ட இடத்தில் சிறு வீக்கம் கண்டால் அஞ்சுகிறோம். அடுத்த ஊசி வேண்டாம் என்கிறோம்.

கோமாரி வைரஸ் கிருமியால் வருவது. செயலிழக்கச் செய்த கிருமியை மட்டும் செலுத்தினால் போதிய எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை. ஆகவே, அலுமினிய உப்பு அல்லது எண்ணெயைத் துணைப்பொருளாகச் சேர்க்கிறார்கள். எண்ணெயில் அடங்கிய மருந்து மெல்லக் கசிகிறது. உடலின் காவல் அணுக்கள் அங்கே திரள்கின்றன. அதுவே வீக்கம்.

1925-இல் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் காஸ்தோன் ரமோன், குதிரைகளுக்கான தொண்டை அடைப்பான் தடுப்பு மருந்தில் நாமறிந்த மரவள்ளி மாவைச் சேர்த்து, எதிர்ப்புச் சக்தி பெருகுவதைக் கண்டார்.

முதல் ஊசிக்குச் சுமார் நான்கு வாரத்தில் அடுத்த ஊசியைத் தவறாமல் போடுவோம். வீக்கம் சீழ் பிடித்தாலோ, மாடு தீனி எடுக்காவிட்டாலோ கால்நடை இலாகாவிடம் சொல்வோம்.